மதுரைக்கும் ட்ரோம்சோவுக்கும் எத்தனை மணி தூரம்? கேட்டதும் சொன்னதும்

நார்வேயின் வட கோடியில் இருக்கும் ட்ரோம்சோவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திருநகருக்குத் திரும்பியவன் நான். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது, அந்த ஊர் கிட்டத்தட்ட 70-ல். கேளுங்கள்.

செல்லூர் அம்மா: மகன் அங்கே படிக்கப் போறான் தம்பி. எத்தனை மணிக்குப் போன் போடலாம்?

குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி திருப்புவார்கள், அந்த இரண்டு தேதியையும் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் மணிக்கணக்கைவிடச் சாப்பாட்டுக் கணக்குதான் நம்மை ஏமாற்றும். நீங்கள் ராத்திரிச் சாப்பாடு முடித்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அங்கே குளிர்காலத்தில் மாலை 5. வேலையும் வகுப்பும் முடிந்து ஊரே முக்கியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. இன்னும் ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

அண்ணே, அந்த அரை மணி எதுக்கு?

நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. 15 டிகிரிக்கு ஒரு மணி என்ற கணக்கில் அது ஐந்தரை மணி, அந்த அரை இங்கிருந்துதான் வருகிறது. மதுரை அதற்கு மேற்கே 78-ல் கிடப்பதால் சராசரியாக 12.17-க்குத்தான் சூரியன் உச்சிக்கு வரும். ட்ரோம்சோவில் நேர் எதிர், குளிர்காலக் கடிகாரப்படி பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் முன்பே உச்சி. குளிர்காலத்தில் சூரியன் இருந்தால்தானே என்கிறீர்களா? அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

குளிர்காலம் முழுக்க இருட்டாமே? அப்போ பொங்கல் எப்படி வைக்கிறது?

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வராது. அதற்காகக் கும்மிருட்டு என்று நினைக்காதீர்கள், நடுப்பகலில் சில மணி நேரம் நீலமும் ரோஜாவுமாக ஒரு வெளிச்சம் இருக்கும். கணக்குப்படி நம் பொங்கலை ஒட்டிச் சூரியன் எட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் தெற்கே மலை மறைத்து நிற்பதால் ஊருக்குள் தெரிய ஜனவரி 21 ஆகிவிடும். அன்றைக்கு அவர்களுக்கே ஒரு பொங்கல்தான், பள்ளிக்கூடம் முதல் ஆபீஸ் வரை ஜாம் வைத்துப் பொரித்த 'சூரிய பன்' சாப்பிடுவார்கள். நாங்கள் வராத சூரியனுக்கு அடுப்படியில் பானை வைத்து, ஒரு வாரம் கழித்து அந்தப் பன்னையும் தின்றோம். அது சரி, குளிர் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் வருவதால் துறைமுகம் உறைவதே இல்லை.

நெல்பேட்டையிலிருந்து: கோடையில் நோன்பு வந்தா மஃரிப் எப்போ பாய்?

நல்ல கேள்வி. மஃரிப் என்றால் சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை, நோன்பு திறக்கும் நேரம். மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறையவே மறையாது. அதனால் அங்குள்ள முஸ்லிம்கள் மக்கா நேரத்தை வைத்து நோன்பு பிடித்துத் திறந்திருக்கிறார்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதை நேரலையில் பார்க்க முடியுமா?

தாராளமாக. இங்கே காலை 6 என்றால் அங்கே 2.30. மே மாதத் தொடக்கம் என்றால் அந்நேரத்துக்கே வானம் வெளுத்திருக்கும், விடியலில் பார்ப்பது போலவே இருக்கும்.

அப்போ அதுவும் தூங்கா நகரம்தானே?

அட போங்கப்பா. அங்கே சூரியன் தூங்காது, கடை தூங்கிவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு வெயிலில் மலையேறப் போகிறவர்களைப் பார்க்கலாம், சிம்மக்கல் மாதிரி ஒரு சந்தில் கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்கவே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பெரும்பாலும் மூடல். கடையில் பீர் விற்பது வாரநாளில் இரவு 8 வரை, சனிக்கிழமை 6 வரை. மகனை அனுப்புகிறவர்கள் பொடி, ஊறுகாயோடு பரோட்டா போடவும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.