கொங்குச் சாத்து விளையாட்டு: இரண்டாம் பதிப்பில் எதை மாற்றுவது, எதை விடுவது?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, பழைய கொங்கு நாட்டு வணிகச் சாத்துகளை (பொதி மாட்டோட கூட்டமாப் போற வியாபாரிகளை) வைத்துத் தமிழிலேயே ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு வேடம் எடுத்து டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தற ஆட்டம் எழுதி, 200 பிரதி அச்சிட்டு வித்தோமுங்க. இருபது முக டைஸில் 11 அல்லது அதுக்கு மேல வந்தா அடி விழும். அடியின் பலம் ஓர் ஆறு முக டைஸ். எல்லாருக்கும் 20 உயிர்ப்புள்ளி, அது தீர்ந்தா ஆள் விழுவார். அஞ்சு பேர் நாலு கொள்ளையரோட மோதினா ரெண்டு மணி நேரம் இழுக்குது. வைத்தியர் தன் முறையில ஓர் ஆறு முக டைஸ் அளவு புள்ளி திருப்பித் தருவார். அந்த வேடத்தை ஒருத்தரும் எடுக்கறதில்லை. புத்தகம் வாங்கினவங்களும் நாங்க கூட உட்கார்ந்தாத்தான் விளையாடறாங்க. அடுத்த பதிப்புல என்ன பண்ணலாமுங்க?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் சண்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி அடிதான் படுகிறது. பட்டால் சராசரி 3.5 புள்ளி. ஆக ஒரு வீச்சின் மதிப்பு 1.75. நாலு கொள்ளையருக்கும் சேர்த்து 80 புள்ளி. அதைக் கரைக்க 46 வீச்சு வேண்டும். ஐந்து பேர் வீசினால் ஒன்பது சுற்றுக்கு மேல் போகும். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஒன்பது பேருக்கு ஒரு சுற்று 13 நிமிடத்தைத் தாண்டும். உங்கள் இரண்டு மணி நேரம் இந்த எண்களிலிருந்துதான் வருகிறது. விளையாடுகிறவர்கள் மந்தம் என்று நினைக்க வேண்டாம்.

எண்களில் கை வையுங்கள். கொள்ளையரின் உயிர்ப்புள்ளியை 12 ஆக்குங்கள். அவர்களை அடிக்க 8 வந்தாலே போதும் என்று வையுங்கள்; 50 சதவீதம் 65 ஆகிவிடும். இப்போது 48 புள்ளியைக் கரைக்க சுமார் 21 வீச்சு, அதாவது ஐந்து சுற்றுக்குள் முடியும். நாலு கொள்ளையரையும் ஜி.எம். (கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) ஒரே முறையில் சேர்த்து உருட்டட்டும். சுற்று ஒன்பது நிமிடத்துக்கு இறங்கும். சண்டை முக்கால் மணி நேரத்தில் தீரும்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சலுகையை இரண்டு பக்கமும் கொடுத்துவிடாதீர்கள். விளையாடுபவர்களின் 20 புள்ளியும், அவர்களை அடிக்கத் தேவையான 11-ம் அப்படியே இருக்கட்டும். ஆனால் சண்டை சுருங்கினால் கொள்ளையருக்குக் கிடைக்கும் வீச்சும் குறைந்து பயம் போய்விடும். அதனால் அவர்கள் அடியின் பலத்துக்கு மட்டும் 2 கூட்டுங்கள். ஆறு அடியில் விழுந்தவர் இனி நாலில் விழுவார்.

இதைவிட முக்கியம், கொள்ளையர் எப்போது ஓடுவார்கள் என்பது. பாலக்காட்டுக் கணவாயில் மிளகுப் பொதிக்குக் காத்திருப்பவன் உயிரைக் கொடுத்துச் சண்டை போடமாட்டான். இந்த வகை ஆட்டங்களில் மிகப் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பிலேயே இதற்கு எளிய விதி உண்டு. ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஒரு மன உறுதி எண் இருக்கும். கூட்டத்தில் பாதி விழுந்ததும் இரண்டு ஆறு முக டைஸ் உருட்ட வேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். சாதாரணக் கொள்ளையருக்கு 7 கொடுங்கள். பல சண்டைகள் மூன்றாம் சுற்றிலேயே முடியும். பிடிபட்டவனிடம் விசாரிக்கிற காட்சியும் கூடவே கிடைக்கும்.

மழை பெய்தால் 1 கழி, மேட்டில் நின்றால் 2 கூட்டு என்கிற மாதிரிப் பட்டியல் இருந்தால் மொத்தமாக எடுத்துவிடுங்கள். சாதகமென்றால் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடு, பாதகமென்றால் சிறியதை எடு. 2014-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு செய்தது இதுதான். 11 தேவைப்படும் இடத்தில் வாய்ப்பு 75 ஆக ஏறும், அல்லது 25 ஆக இறங்கும். யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

இருபது முக டைஸை மட்டும் மாற்றாதீர்கள். 2008-இல் அதன் நான்காம் பதிப்பு விதிகளைப் பெருமளவு மாற்றியபோது பழைய ஆட்டக்காரர்களில் பலர், முந்தைய 3.5 பதிப்பின் விதிகளை ஒட்டி 2009-இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி என்றால், 200 வாசகர்களை வைத்திருக்கும் நீங்கள் ஒருவரைக்கூட இழக்கக்கூடாது.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. சண்டைக்கு வெளியே 10 உருட்டியவருக்கு என்ன நடக்கிறது? 'முடியவில்லை' என்பதோடு கதை நின்றால், அதுதான் ஆட்டத்தின் பெரிய ஓட்டை. 11 அல்லது அதற்கு மேல் வெற்றி, 7 முதல் 10 வரை 'கிடைக்கும், ஆனால்', 6 அல்லது அதற்குக் கீழே நிலைமை மோசமாகும் என்று பிரியுங்கள். சதவீதத்தில் 50, 20, 30.

உதாரணத்துக்கு, நொய்யல் கரையிலிருந்த பழைய வணிக ஊரான கொடுமணலில் ஒரு மணிக்கல் வியாபாரி கையில் பெரில் கல் இருக்கிறது. படியூர்ச் சுரங்கத்துக் கல்லா, கண்ணாடியா என்று பார்க்கிறார். 14 என்றால் அசல் என்று தெரிந்துவிடும். 9 என்றாலும் தெரியும், ஆனால் அவர் முகத்தைப் படித்துவிட்ட விற்பனைக்காரர் விலையை இரட்டிப்பாக்குவார். 4 என்றால் தெரியாது. அதற்குள் எதிர்ச் சாத்தின் தலைவர் வந்து அதே கல்லைக் கேட்பார். எது வந்தாலும் அடுத்த காட்சி தயார். ஒவ்வொரு திறனுக்கும் இப்படி மூன்று வரியைப் புத்தகத்திலேயே அச்சிடுங்கள். புது ஜி.எம்.முக்கு அந்த இடத்தில் யோசனை ஓடாது.

வைத்தியர் விஷயம் சுலபம். அவர் முழு முறையையும் செலவழித்து 3.5 புள்ளி தருகிறார். நாலு கொள்ளையர் அதே சுற்றில் சராசரி 7 புள்ளி பறிக்கிறார்கள். தோற்கிற வேலையை யார் எடுப்பார்கள்? மருந்து கொடுப்பதை அடிக்கிற முறையோடு சேர்த்தே செய்ய விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஆறு முக டைஸ் கூட்டல் 3. அவர் இல்லாத சாத்தும் பிழைக்க வேண்டும். ஆகவே இராத் தங்கலில் எல்லாருக்கும் இழந்ததில் பாதி திரும்பட்டும். மூலிகை, விஷம், மாட்டு நோய் தெரிந்தவர் என்கிற பலத்தையும் கொடுங்கள். பொதி மாடு படுத்துவிட்டால் சாத்தே நின்றுவிடும். அப்போது அவர்தான் நாயகர்.

இனி, நீங்கள் கூட இருந்தால்தான் நடக்கிறது என்ற சிக்கல். உங்கள் தலையில் இருப்பது பக்கத்தில் இல்லை. வரலாற்று அத்தியாயத்தை மேசைக்கு உதவுகிற மாதிரி உடையுங்கள். ஓர் ஊருக்கு ஒரு பக்கம். அதில் அங்கே கிடைக்கும் பொருள், காத்திருக்கும் ஆபத்து, ஏதோ ஒன்று வேண்டி நிற்கும் ஆள். கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி செய்த தடயங்களும் கிடைத்தன என்பது தகவல். 'உலைக்காரருக்கு மழைக்கு முன் கரி வேண்டும். நொய்யலில் தண்ணீர் ஏறுகிறது' என்பது ஆட்டம். கோவை அருகே வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுக் குவியலையும் இப்படியே எழுதலாம்: யார் புதைத்தார், ஏன் திரும்பி வரவில்லை?

பிறகு சோதனை. புத்தகத்தைப் பார்த்தே இராத மூன்று குழுக்களிடம் கொடுங்கள். நீங்கள் மூலையில் உட்கார்ந்து வாய் திறக்கவே கூடாது. கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள், எங்கே வாதம் வருகிறது, வேடம் உருவாக்க எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். 20 நிமிடத்தைத் தாண்டினால் ஆறு தயார் வேடங்களைச் சேர்த்துவிடுங்கள். முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள். நம்ம ஊரில் மரியாதைக்கு 'நல்லாருக்குதுங்க' என்றுதான் சொல்வார்கள். 'எந்த இடத்துல செல்போனை எடுத்தீங்க?' என்று கேளுங்கள்.

அச்சுக்கு ஒன்றிரண்டு. பக்கங்களை 16-இன் மடங்கில் வையுங்கள், 96 போதும். வெறும் பசை பைண்டிங் மேசையில் விரித்தால் மூடிக்கொள்ளும், அடிக்கடி விரித்தால் தாள் கழன்று வரும்; நூலால் தைத்து ஒட்டச் சொல்லுங்கள். சண்டை விதி முழுவதும் எதிரெதிர் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும். கடைசியில் பொருளடைவு கட்டாயம்.

முதல் பதிப்பு வாங்கிய 200 பேருக்கு, மாறிய எண்களை மட்டும் நாலு பக்கத்தில் போட்டு இலவசமாக அனுப்புங்கள். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்பே அனுப்புவது நல்லது. அந்த நாலு பக்கத்தில் தவறு இருந்தால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.