சுகமாயிருக்கிறவருக்கு ஏன் கிருமிச் சோதனை?

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்ற நாள் தந்திருந்தார்கள். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்து, 'எம்.ஆர்.எஸ்.ஏ.' இருக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். அவருக்கு ஒரு தடிமன்கூட இல்லையே? (கிளிநொச்சி)

பதில்: அப்பாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கில் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி சும்மா குடியிருக்கும். அதில் மெதிசிலின் வகை அன்டிபயோட்டிக் மருந்துகளுக்கு மசியாத இனம்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. 1961இல் பிரிட்டனில் முதலில் பதிவானது. மூக்கோடு இருந்தால் தொல்லையில்லை. செயற்கை மூட்டில் போய் ஒட்டினால் சிலவேளை மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

அந்தக் கிருமியைப் போக்க வழமையாக ஐந்து நாள் வைத்தியம். மியூபிரோசின் களிம்பை நெருப்புக்குச்சித் தலையளவு எடுத்து இரண்டு மூக்குத் துவாரத்திலும் பூசி, வெளியிலிருந்து மெல்லப் பிசைந்துவிடுங்கள். குளிக்கத் தரும் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் போகக்கூடாது. துவாய், சாரம், படுக்கை விரிப்பு எல்லாம் அந்த நாட்களில் தினமும் மாற வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

கேள்வி: கணவர் 2009 போரில் செல் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர். எப்போதும் சலக்குழாய்தான். சல றிப்போட்டில் பல மருந்துக்கும் கேட்காத கிருமியாம். காய்ச்சல் இல்லை. பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: தயவுசெய்து வேண்டாம். மாதக்கணக்காகக் குழாயோடு இருப்பவர்களில் அநேகமாக எல்லோருடைய சலத்திலும் கிருமி இருக்கும். காய்ச்சல் இல்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு குளிசையும் சாதுவான கிருமிகளைக் கொன்று, முரட்டுக் கிருமிக்கு இடம் விட்டுக்கொடுக்கும். பிறகு உண்மையாகவே காய்ச்சும் நாளில் மருந்து மிஞ்சாது. வன்னியில் இப்படிப் படுக்கையில் இருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பெரிய பயம் இதுதான்.

நடுக்கம், காய்ச்சல், அடிவயிற்று நோ, கால் இழுப்பு திடீரெனக் கூடுவது, பேச்சுத் தடுமாற்றம்: இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழாயை மாற்றி, புதுக்குழாயில் சலம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பையில் தேங்கியதை ஊற்றிக் கொடுத்தால் பையின் கிருமிதான் றிப்போட்டில் வரும். ஒரு வீட்டில் பையைத் தலைமாட்டில் கொழுவியிருந்ததைக் கண்டேன். பை எப்போதும் வயிற்றுக்குள் இருக்கும் சலப்பைக்குக் கீழே, நிலத்தில் முட்டாமல் தொங்க வேண்டும்.

கேள்வி: ஐ.சி.யு.வில் இருந்து வந்த அம்மாவுக்கு மலவாசலில் சோதனை எடுத்தார்கள். கூசிப்போனா. தேவைதானா? (வவுனியா)

பதில்: தேவை. மெரோபெனெம் போன்ற கடைசிக்கட்ட மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற கிருமி குடலில்தான் ஒளிந்திருக்கும். அதைத் துரத்தக் களிம்பும் இல்லை, குளிப்பும் இல்லை. தெரிந்தால் கட்டிலைத் தள்ளிப் போடலாம், கையுறையோடு பராமரிக்கலாம். அடுத்த கட்டிலுக்கு அது போவது கை வழியே: தாதியின் கை, டொக்ரரின் கை, பார்க்க வந்து கட்டில் கம்பியைப் பிடிக்கும் உங்கள் கை. திரையை இழுத்து, சொல்லிவிட்டு எடுக்கும்படி கேட்க அம்மாவுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ள அம்மம்மா கைக்குழந்தையைத் தூக்கலாமா? (முல்லைத்தீவு)

பதில்: தாராளமாக. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும், புண் இருந்தால் மூடிக்கட்டட்டும். தனிக் கோப்பை, தனி மூலை எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் பழைய டயக்னோசிஸ் காட்டை (ஆஸ்பத்திரி தந்த நோய் விபர அட்டை) எடுத்துப்போய், கட்டில் தரும் முன்னரே காட்டச் சொல்லுங்கள்.