அது சிட்டுக்குருவி இல்லைங்க

இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1506 வாக்கில் வரைந்த மாதா படத்தை நகலெடுக்கிறீர்கள். சிறுவன் யோவான் கையில் சிட்டுக்குருவி எதற்கு, உங்கள் நகலில் மாதா முகம் ஏன் வெட்டி ஒட்டினது போல நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அது கோல்ட்ஃபின்ச், முகம் சிவந்த ஒரு சின்ன ஐரோப்பியப் பறவை. இயேசுவின் முள்முடியில் முள்ளைப் பிடுங்கும்போது ரத்தம் தெறித்துத்தான் அதன் முகம் சிவந்தது என்பது பழங்கதை. குழந்தை இயேசு அதைத் தடவும்போது தடவிக்கொடுப்பது வரப்போகும் சிலுவைப்பாட்டை. நீங்கள் குருவியை முழுக்கப் பழுப்பாக்கிவிட்டீர்கள். அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் படமே இல்லை.

முகத்தைக் கெடுப்பது கன்னத்தோரக் கோடு. லியொனார்டோ டா வின்சியைப் பார்த்து ரஃபேல் பழகிய ஸ்ஃபுமாட்டோவில், அதாவது நிறங்களைப் புகை போல ஒன்றில் ஒன்று கரைக்கும் முறையில், கோடே கிடையாது. எண்ணெய் வண்ணத்தை மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது என்று ஏற்றுங்கள். அவசரப்பட்டால் சேறாகிவிடும், பட்டவன் சொல்கிறேன்.

உண்மையில் வெட்டி ஒட்டினது மூலப்படம்தான்: 1547இல் அது இருந்த வீடு இடிந்து 17 துண்டானது, பிறகு ஒட்டினார்கள்!