மிட்டிலீனும் ஏதென்ஸ் சபையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பண்டைய கிரேக்கம் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். ஏதென்ஸின் ஜனநாயகத்தைக் கெடுத்தது ஸ்பார்ட்டாவுடனான போரும், கிளியோன் போன்ற வாய்வீச்சுக்காரர்களும்தானே? மக்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். மிட்டிலீன் விஷயத்தில் மறுநாளே மனம் மாறினார்களே, அது போதாதா?

ர.

அன்புள்ள ர.,

மிட்டிலீனிலிருந்தே பேசலாம். லெஸ்போஸ் தீவின் அந்த நகரம் கி.மு. 428இல் ஏதென்ஸின் பிடியை உதறக் கிளர்ந்தது, அடுத்த ஆண்டு பணிந்தது. ஆண்கள் எல்லோரையும் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் கிளியோனின் பேச்சைக் கேட்டு ஏதென்ஸ் மக்கள் சபை முடிவெடுத்தது. உத்தரவோடு கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் பலருக்கு மனம் உறுத்த, சபை மீண்டும் கூடியது. தூக்கிய கைகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். மயிரிழையில் முடிவு மாறியது. கொலையைத் தடுக்க இரண்டாவது கப்பல் கிளம்பியது.

அந்தக் கப்பலைப் பற்றி, அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் சொல்வதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு பதறும். ஏதென்ஸில் இருந்த மிட்டிலீன் தூதர்கள் கப்பலுக்கு மதுவும் பார்லி மாவும் கொடுத்து, முந்திப்போய்ச் சேர்ந்தால் பெரிய வெகுமதி என்றார்கள். மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் துடுப்புக்காரர்கள் வலித்தபடியே தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பலோ, போகிற வேலை பிடிக்காமல் மெதுவாகப் போனது. தளபதி உத்தரவைப் படித்து முடித்து, நிறைவேற்ற இருந்த நேரத்தில் இரண்டாவது கப்பல் வந்துவிட்டது.

சரி, மக்களிடம் இரக்கம் இருந்தது. ஆனால் அது போதவில்லை. கொலை வேண்டாம் என்று பேசிய டியோடோட்டஸ் நீதியை முன்வைக்கவில்லை, லாபத்தை முன்வைத்தார். பணிந்தாலும் சாவுதான் என்றால் அடுத்த நகரம் கடைசிவரை போராடும், நமக்குக் கப்பம் வராது என்றார். அப்புறமும், கிளர்ச்சிக்கு முக்கியக் காரணமானவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். நிலம் 3,000 பங்காகி, 300 தெய்வங்களுக்கும் மீதி ஏதென்ஸ்காரர்களுக்கும் போனது. உழுதவர்கள் லெஸ்போஸ்காரர்களே, குத்தகை மட்டும் ஏதென்ஸ்காரர்களுக்கு.

பழியைக் கிளியோன் தலையில் மட்டும் கட்ட முடியாது என்பது இதனால்தான். பாரசீகரை எதிர்க்க கி.மு. 478இல் ஏதென்ஸ் தலைமையில் சேர்ந்த கூட்டணியின் நிதி, கி.மு. 454 வாக்கில் டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு வந்தது. கூட்டாளிகளின் கப்பத்தில் கப்பற்படை நடந்தது. அதில் துடுப்பு வலித்துக் கூலி வாங்கிய ஏழைக் குடிமக்கள்தான் சபையிலும் கை தூக்கினார்கள். தங்கள் நகரத்தில் அவர்கள் பெற்ற சமத்துவம் உண்மையானது, நான் மதிப்பது. அதன் செலவில் ஒரு பங்கை, அந்தச் சபையில் வாயைத் திறக்க முடியாத ஊர்கள் கொடுத்தன. உங்கள் பேரரசு கொடுங்கோன்மை போன்றது, அதைப் பிடித்தது அநியாயமாக இருக்கலாம், விடுவது ஆபத்து என்று ஏதென்ஸின் பெருந்தலைவர் பெரிக்ளீஸே மக்களிடம் பேசியதாக துசிடிடீஸ் எழுதுகிறார்.

கி.மு. 416இல், கூட்டணியில் சேர மறுத்த மெலோஸ் தீவை ஏதென்ஸ் முற்றுகையிட்டது. சரணடைந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் விற்று, 500 ஏதென்ஸ்காரர்களைக் குடியேற்றினார்கள். இம்முறை இரண்டாவது கப்பல் போகவில்லை. அதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தை துசிடிடீஸின் ஐந்தாம் பகுதிக் கடைசியில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, மக்களைப் பற்றி அப்போதும் இப்படியே நினைக்கிறீர்களா என்று எழுதுங்கள்.