ஆழமான பாறைக்குள் புதைத்தால் அணுக்கழிவு தண்ணீரில் கலக்காது என்பதை எப்படிச் சோதிப்பார்கள்?

நீங்களும் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். நான் நிலவியல் படித்தவன். அணு உலைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் சேர்வராயன் மலையடிவாரத்தில், கண்ணங்குறிச்சிப் பக்கம். அடியில் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. அதில் தண்ணீர் ஓடுவதெல்லாம் வெடிப்புகளில்தான். படிக்கும்போது, பயன்படுத்தாமல் கிடந்த பழைய போர்வெல்லில் ஒரு மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றினேன். இருபதடி தள்ளி ஒரு போர், இருநூறடி தள்ளி இன்னொன்று. இரண்டிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பக்கத்துப் போருக்குத்தான்டா மொதல்ல வரும்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் தூரத்துப் போர்த் தண்ணீரில் மின்கடத்துதிறன் (உப்பு கலந்தால் இது கூடும்) ஏறத் தொடங்கியது. பக்கத்துப் போர் கடைசிவரை அசையவில்லை. தொடங்கியதிலிருந்து உச்சத்துக்கு ஏற இரண்டே நாள், பழைய அளவுக்கு இறங்க ஐந்து வாரம். வெடிப்பின் சுவரிலுள்ள நுண்துளைகளுக்குள் உப்பு புகுந்து, பின்னால் வந்த நல்ல தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கும். கிளை வெடிப்புகளில் சுற்றி வந்ததும் சேர்ந்திருக்கலாம்.

தோட்டத்து உப்பை வைத்து அணுக்கழிவைப் பேசலாமா என்று சிலர் வருவார்கள். உப்பு காட்டுவது தண்ணீர் போகும் வழியை மட்டும்தான்; கதிரியக்கப் பொருள் அதே வேகத்தில் வருமா என்று காட்டாது. சுவிட்சர்லாந்தில், மலையைக் குடைந்து 1984 முதல் இயங்கும் கிரிம்செல் ஆய்வகத்தில் அதற்கான சோதனைகள் நடக்கின்றன. ஒரே வெடிப்பில் உரானின் என்ற சாயத்தோடு (யுரேனியம் அல்ல) மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள்களையும் செலுத்தி, மறுமுனையில் எது எப்போது வருகிறது என்று பார்ப்பார்கள். சாயம் தண்ணீரோடு வந்துவிடும். அயோடினும் ஏறக்குறைய அப்படியே. சீசியம் பாறையிலுள்ள மைக்கா என்ற கனிமத்தில் ஒட்டிக்கொண்டு மிகவும் பிந்தும். சீசியம்-137இன் அரை ஆயுள் (பாதி அழிய ஆகும் காலம்) 30 ஆண்டு, பிந்தப் பிந்த அது அழியும். அயோடின்-129க்கோ சுமார் 1.6 கோடி ஆண்டு, பாறையும் பிடித்து வைக்காது. என் பயமெல்லாம் அயோடின்மேல்தான். சுவீடனின் அணுக்கழிவுப் புதைப்புத் திட்டத்தில் செப்புக் கலனும் அதைச் சுற்றிப் பென்டோனைட் களிமண்ணும் வைப்பது பாறையை மட்டும் நம்ப முடியாததால்தான்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. எங்கள் போர்களைப் போட்ட வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று காசை எண்ணி வாங்கினார். எத்தனையாவது அடியில் தண்ணீர் கண்டது என்று மட்டும் எழுதித் தரவில்லை. அந்த ஒரு தாள் இருந்திருந்தால், உப்பு எந்த வெடிப்பு வழியாகப் போனது என்று அப்பாவுக்குக் காட்டியிருப்பேன்.