டிக் இல்லாத பெயர்கள்

அன்புள்ள சார்,

தஞ்சை மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவன் நான். 1995இல் பிளஸ் டூ முடித்தோம். முப்பது வருடம் ஆகிவிட்டதே, எல்லோரும் ஒருநாள் பள்ளியில் கூடலாம் என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். 62 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஐயாயிரம் போட்டு, பள்ளி வாசலில் எங்கள் செட் பெயரில் ஒரு வளைவு கட்டித் தருவது என்று முடிவானது. பொருளாளர் நான். தினமும் ராத்திரி குழுவில் பட்டியல் போட்டேன். பணம் கொடுத்தவர் பெயருக்கு நேரே ஒரு டிக். பத்து நாளில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. பதினோராவது நாள் ஒரு நண்பன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். போன் செய்தால் எடுப்பதில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் போய்விட்டார்கள். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் பட்டியல் போட்டேன். அது தவறா? கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு நண்பர் பெரிய தொகை தருகிறேன் என்கிறார். அதை எப்படி வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் போட்டது தவறுதான். முதல் வேலையாக அதை நிறுத்துங்கள்.

உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மொய் விருந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். எழுதி வைக்காவிட்டால் யாருக்கு எவ்வளவு செய்வது என்று தெரியாது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது அப்படியா? யாரும் திருப்பித் தரப்போவதில்லை, கொடுக்காதவர் யாருக்கும் கடன்பட்டவரும் இல்லை. ஆனால் டிக் இல்லாமல் தினமும் ராத்திரி தன் பெயரைப் பார்க்கிற மனிதருக்கு, பாக்கி வைத்தவன் என்று ஊர் நடுவில் நிறுத்தியதுபோல இருந்திருக்கும். அதுவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முன்னால்.

கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள், சரி. எல்லோருக்கும் தெரிய வேண்டியது செலவுக் கணக்கு. மொத்தம் எவ்வளவு வந்தது, எதற்கு எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு என்று பில்லோடு குழுவில் போடுங்கள். யார் எவ்வளவு தந்தார் என்பது உங்களுக்கும் கணக்குப் பார்க்கிற இன்னொருவருக்கும் தெரிந்தால் போதும். ஐந்நூறு தந்தவரையும் ஐம்பதாயிரம் தந்தவரையும் மேடையில் பிரித்துச் சொல்லாதீர்கள்.

பெரிய நிறுவனங்களின் செய்திகளைப் படிக்கும்போது நமக்கும் அப்படிச் செய்ய ஆசை வருவது இயல்பு. சென்னை ஐஐடிக்கு 2023-24 நிதியாண்டில் மட்டும் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் சேர்ந்து 513 கோடி ரூபாய் தந்தார்கள். 2024 ஆகஸ்டில், 1970இல் அங்கே எம்.டெக். படித்து முடித்த கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி கொடுத்தார். 25ஆம் ஆண்டு, 50ஆம் ஆண்டுக் கூடுகைகளில் செட் முழுவதும் சேர்ந்து ஒரு தொகை தருவது அங்கே வழக்கம். நன்கொடைக்கென்றே தனி அலுவலகமும் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து வெளியே வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்துவிடுகிறது. நம் ஊர் அரசுப் பள்ளியின் ஒரே செட்டில் தாசில்தாரும் இருப்பார், வயல் வேலைக்குப் போகிறவரும் இருப்பார். அந்தப் பள்ளியின் பெருமையே அதுதான். அங்கே ‘ஆளுக்கு இவ்வளவு’ என்ற பேச்சு வந்ததுமே சிலருக்குக் கதவு சாத்தியாகிவிடுகிறது.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி ஒன்று உண்டு. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முதலில் கணக்கெடுத்தார்கள். அப்புறம் ஊர் மக்களிடம் போனார்கள். வசதி உள்ளவர் கட்டடம் கட்டித் தந்தார், மற்றவர்கள் பெஞ்சு, கடிகாரம், தேசப்படம் என்று முடிந்ததைத் தந்தார்கள். தேவையை முதலில் பார்த்துவிட்டுத் தொகைக்குப் பிறகு போன அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் குழு ஐயாயிரத்தில் தொடங்கி வளைவில் முடித்துவிட்டது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஹெச்.எம்மிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

எங்கள் செட்டும் கேட்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் படித்த பள்ளிக்கு ஒரு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த வருடம் போனபோது அது ஓடவில்லை. ஃபில்டர் மாற்றப் பணம் இல்லை, மாற்ற வேண்டும் என்று நாங்களும் யோசிக்கவில்லை. குழாயடியில் பிள்ளைகள் வரிசையில் நின்றதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொருள் வாங்கித் தர எல்லோரும் முன்வருகிறோம். கழிப்பறை கழுவுகிறவருக்கு மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது, மோட்டார் ரிப்பேர், பினாயில், நாப்கின் போன்றவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை, அதனால் அவை விட்டுப்போகின்றன. ஒரு பெண் பிள்ளை கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பள்ளியில், வாசலில் வளைவு எதற்கு?

மூன்று லட்சம் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்து வங்கியில் வைப்பு நிதியாகப் போடுங்கள். ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 21,000, மாதம் 1,750 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் வருடா வருடம் வரும். எதற்குச் செலவழிப்பது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவு செய்யட்டும். 2024இல் அந்தக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உள்ளூரிலேயே இருக்கிற ஒருவர் அதில் சேர்ந்தால், வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்தைவிட அது பள்ளிக்குப் பெரிய பலம்.

அமெரிக்க நண்பர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அந்தப் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே வேண்டாம். அவர் தமிழரானாலும், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வேற்று நாட்டுக் குடிமகன் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்க முடியாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புது டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாகத் தர முடியுமா என்று அவரையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பருக்கு இனி போன் செய்யாதீர்கள், வீட்டுக்குப் போங்கள். பட்டியல் போட்டது தப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்கு வாருங்கள். ‘பணம் வேண்டாம், வண்டியைக் கொண்டுவந்து நாற்காலி ஏற்றிக் கொடு’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்கு அதுவும் வசூலாகத்தான் படும். அவராகச் சொன்னால் வேறு விஷயம்.

கூட்டத்துக்கு வர யாரும் எதுவும் கட்ட வேண்டாம், சாப்பாட்டுச் செலவை முடிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இன்றைக்கே குழுவில் எழுதுங்கள். வெளியே போய்விட்ட மற்ற மூவருக்கும் அந்தச் செய்தி போகாது. அவர்கள் வீட்டுக்கும் நீங்கள்தான் போக வேண்டும்.