எரிந்த காயிலும் பிழையில்லாத பில்லும்

கேள்வி இதுதான்: "எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் படி, பயணச் செலவு, அலுவலகச் செலவு என்று அடிக்கடி சர்ச்சை வருகிறது. இதையெல்லாம் பார்த்த பிறகும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களை நம்ப முடியுமா?"

நான் 2020 ஜனவரியிலிருந்து ஐந்து வருடம், கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். பெரிய பதவி என்று சொல்ல முடியாது. ஆனால் அரசாங்கப் பணம் செலவாவதையும் அதற்கு பில் தயாராவதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நான் பார்த்த இரண்டு பில்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 2022 ஏப்ரல். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சப்மெர்சிபிள் மோட்டார் ராத்திரியில் எரிந்துபோனது. சித்திரை வெயில். காலையில் குழாயடியில் நாற்பது குடம் வரிசையில் நிற்கிறது, சொட்டுத் தண்ணீர் இல்லை. முறைப்படி போனால் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதி, மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்க வேண்டும். தலைவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்தார். முக்காலி நட்டு, செயின் போட்டு, குழாய் குழாயாகக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்து, கொண்டுபோய்க் காயில் கட்டி, மறுநாள் சாயங்காலம் இறக்கிவிட்டார்கள். 11,400 ரூபாய் ஆனது. தலைவர் கைக்காசு. மெக்கானிக்கிடம் பில் புத்தகம் கிடையாது. ஒரு துண்டுத்தாளில் கூலி, காயில், வண்டி வாடகை என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை வைத்துப் பணம் எடுக்க முடியாது. அதனால் ஒரு கடையில் பைப், வால்வு, பிட்டிங்ஸ் வாங்கியதாக அதே தொகைக்கு பில் வாங்கினார்கள். எங்கள் கூட்டத்தில் அந்த பில் வந்தபோது நான் கேட்டுவிட்டேன்: "அண்ணே, வாங்காத பைப்புக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?" அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "தண்ணி வந்துச்சா இல்லையா, தங்கச்சி?" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

மே 1 கிராம சபையில் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. வரவு செலவு வாசித்து முடித்ததும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கொட்டினார். கருகிப்போன செம்புக் கம்பிச் சுருள். "இதுதான் எரிஞ்ச காயில். பில்லுல பைப்புன்னு இருக்கு. மெக்கானிக் பில் தரமாட்டாரு, அதான் அப்படி எழுதினோம். தப்புன்னா சொல்லுங்க" என்றார். அந்தத் துண்டுத்தாளும் கைக்குக் கை மாறிச் சுற்றி வந்தது. ஒரு பெரியவர் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பழைய செம்பை வித்தா காசு வருமே, அதையும் வரவுல வையி" என்றார். வைத்தார்கள்.

பில் பொய்தான். நான் அதைச் சரி என்று சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு நல்ல காரியத்துக்குப் பொய் எழுதப் பழகிய கைதான் நாளைக்கு வேறு காரியத்துக்கும் எழுதும். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் அவர் மேல் சந்தேகம் வரவில்லை.

இரண்டாவது பில் தூர் வாரும் வேலையுடையது. இது ஊராட்சியின் வேலை இல்லை, ஒரு துறையின் ஒப்பந்த வேலை. டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கும் முன் ஆறு, வாய்க்கால் எல்லாம் தூர் வாரியாக வேண்டும். எங்கள் ஊர் வாய்க்காலுக்குப் பலகை வைத்தார்கள்: பணியின் பெயர், நீளம், மதிப்பீடு எல்லாம் இருந்தது. ஜேசிபி இரண்டு நாள் வந்தது. ரோட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், காரில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வழித்துப் போட்டார்கள். கடைமடையில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அப்படியே நின்றன. பலகையில் இருந்த நீளத்துக்கும் வெட்டிய இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நாங்கள் கயிறு வைத்து அளந்தோம். பாதி கூட இல்லை.

ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதிப்போட்டு வாங்கிய நகலில் ஒரு பிழையும் கிடையாது. எம் புக்கில், அதாவது வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், அளவு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, போட்டோ கூட இருக்கிறது. அந்த வருஷம் குறுவைக்கு எங்கள் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் வைத்திருக்கும் என் சித்தப்பா எஞ்சின் வாடகைக்கு எடுத்துத்தான் பயிரைக் காப்பாற்றினார்.

இதைச் சொல்லும்போது எனக்கு இங்கிலாந்தில் நடந்தது ஞாபகம் வருகிறது. 2009 மே மாதம் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகை அந்த நாட்டு எம்.பி.க்கள் கேட்டு வாங்கிய செலவுப் பணத்தின் விவரங்களை நாள்தோறும் வெளியிட்டது. தொகுதியில் ஒரு வீடு, லண்டனில் ஒரு வீடு என்று இருப்பவர்களுக்கு இரண்டாவது வீட்டுச் செலவை அரசே கொடுக்கும். அந்தப் பெயரில் என்னென்னவோ கேட்டிருந்தார்கள். ஒரு எம்.பி. கொடுத்த பட்டியலில் தன் கிராமத்து வீட்டைச் சுற்றியிருந்த அகழியைத் தூர் வார 2,115 பவுண்டு என்று இருந்தது. முதன்முதலில் படித்தபோது அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். தூர் வாரிய கணக்கு அங்கேயும் இருந்திருக்கிறது. இன்னொருவர் வாத்துகளுக்குக் குளத்தில் மிதக்கும் வீடு வைத்த 1,645 பவுண்டைக் கேட்டிருந்தார். அந்தப் பணத்தை நாடாளுமன்ற அலுவலகம் கொடுக்க மறுத்துவிட்டது. பணம் போகவே இல்லை. இருந்தும் மக்கள் இன்றுவரை ஞாபகம் வைத்திருப்பது அந்த வாத்து வீட்டைத்தான். கேட்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் அவர்களைக் காயப்படுத்தியது.

பலர் சொன்ன சமாதானம், "விதிக்கு உட்பட்டுத்தான் செய்தோம்" என்பது. அதைக் கேட்டு ஜனங்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. விதியை எழுதியதும் அவர்கள்தானே. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். 300 வருஷத்துக்கு மேல் அங்கே எந்தச் சபாநாயகரும் அப்படி நெருக்கடியில் விலகியதில்லை. சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். அப்புறம் எம்.பி.க்களின் கையிலிருந்து அந்த அதிகாரத்தை எடுத்துத் தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். இப்போது எந்த எம்.பி. எதற்கு எவ்வளவு வாங்கினார் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

நம் ஊரில் அப்படி ஒரு புயல் அடிக்காததற்குக் காரணம் நம்மவர்கள் யோக்கியம் என்பதில்லை. பார்ப்பதற்கு ரசீதே இல்லை. எம்.பி.க்குத் தொகுதிப் படி என்று மாதாமாதம் மொத்தமாக ஒரு தொகை வருகிறது. 2018-லிருந்து 70,000 ரூபாயாக இருந்து பிறகு கூடியிருக்கிறது. அதை எதற்குச் செலவழித்தார் என்று பில் கேட்கும் வழக்கம் இங்கே கிடையாது. கணக்கே கொடுக்கத் தேவையில்லாத பணத்தில் கணக்கு ஊழலைக் கண்டுபிடிக்க முடியாது.

சம்பளத்தைப் பற்றி எனக்கு ஊர்க்காரர்கள் பலரோடு ஒத்துப்போகாத கருத்து ஒன்று உண்டு. மக்கள் பிரதிநிதிக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும். எங்கள் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம். 2023-ல்தான் 2,000 ஆனது. நிலமும் வசதியும் இல்லாதவர் அந்தப் பணத்தில் எப்படிப் பதவியில் இருப்பார்? ஆனால் 2017 ஜூலையில் எம்.எல்.ஏ.க்களுக்கு 55,000-லிருந்து 1,05,000 ஆக உயர்த்தியபோது எங்கள் வீட்டில் யாராலும் தாங்க முடியவில்லை. சம்பா கருகிப் போயிருந்தது. மேட்டூர் திறக்கவில்லை, அந்த வருஷம் அக்டோபர் 2-ல்தான் திறந்தார்கள். நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில், தங்களுக்குத் தாங்களே. என் மாமனார் செய்தியைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசாத மேடை நம் பக்கத்தில் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை, வயது 35-லிருந்து 70 என்பதெல்லாம் பேசுவார்கள். அதில் நில வரம்பும் இருந்தது, நிலமில்லாதவருக்கும் என்னைப் போன்ற பெண்ணுக்கும் இடம் கிடையாது. அந்தப் பெருமையை முழுதாக ஏற்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: வாரியத்தில், அதாவது ஊர் வேலையைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் போடக் கூடாது. மனைவி பெயரில் பதவி, மச்சான் பெயரில் ஒப்பந்தம் என்று நடப்பதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

நம் பக்கத் தப்பையும் சொல்ல வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில், பணம் விநியோகித்த புகாரால் எங்கள் பக்கத்துத் தஞ்சாவூர் தொகுதியிலும் அரவக்குறிச்சியிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். நவம்பர் 19-ல்தான் மறுபடி நடந்தது. கிராம சபையில் யாராவது எழுந்து கணக்குக் கேட்டால், "நீயும் ஓட்டுக்கு வாங்கினவதானே" என்று ஒரு குரல் வரும். கேட்டவர் உட்காரப் போவார். ஐந்து வருஷத்தில் இதைப் பலமுறை பார்த்தேன். வாங்கியது தப்பு. அதற்காக வீட்டு வரி கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை போய்விடாது. நான் உறுப்பினராக இருந்தவரை அப்படி யாரையும் உட்கார விட்டதில்லை.

சரி, நம்ப முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை எங்கள் ஊராட்சியில் தேர்ந்தெடுத்த ஆள் யாருமே இல்லை. தேர்தலே நடக்கவில்லை. அந்த இடைவெளியில்தான், 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில், கஜா புயல் வந்தது. கூரை போனது, தென்னை போனது. நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தார்கள். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லை. நம்பிக்கையில்லை என்று சொல்லி இவர்களை விட்டுவிட்டால் என்ன மிச்சம் என்பதை நான் அப்போது பார்த்தேன். நான் தேர்தலில் நின்றதே அதற்குப் பிறகுதான்.

அதனால் என் பதில்: ஆளை நம்பச் சொல்ல மாட்டேன், கணக்கு ஊர் முன்னால் வருகிறதா என்று பாருங்கள் என்பேன். 10 ரூபாய் குறைந்தாலும் கேட்கும் இடத்தில் வந்து நிற்கிறாரா, கேட்டால் கோபப்படாமல் சாக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறாரா என்று பார்த்தால் போதும்.

நீங்கள் கிராமத்தில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை நடக்கும். போனவுடன் ஒரு நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். மேலே தீர்மானம் எழுதியிருக்கிறதா, வெற்றுப் பக்கமா என்று பாருங்கள். வெற்றுப் பக்கமாக இருந்தால், "எழுதுங்க, வாசிங்க, அப்புறம் போடறேன்" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள்.